லயத்துக்கு இணையம்: எதை வாங்குவது, எதைக் கேட்டுப் பெறுவது?

டித்வா புயல் கடந்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. நோர்வூட்டுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் என் தங்கையின் குடும்பம் தங்கியிருந்தது. லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருந்ததால் அங்கிருந்த எல்லாக் குடும்பங்களையும் வெளியேற்றிவிட்டார்கள். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர்களின் பொருட்கள் வகுப்பறை மூலையில் குவிந்து கிடந்தன. பாய், கம்பளி, ஒரு கேஸ் அடுப்பு, அடையாள அட்டைகள் வைத்த பொலித்தீன் பை. அதற்கு மேல் வெள்ளை நிறத்தில் ஒரு ரவுட்டர்.

உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மருமகள்தான் அதைத் தூக்கி வந்திருந்தாள். அவளுடைய பிரத்தியேக வகுப்பு வாரத்தில் மூன்று நாள் சூமில்தான் நடக்கும். பாடசாலைக்கு மின்சாரம் திரும்பிய அன்று ரவுட்டரைச் செருகினாள். எல்லா விளக்கும் எரிந்தது, இணையம் மட்டும் வரவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தபோதுதான் காரணம் தெரிந்தது. அந்தக் கருவி, இணைப்பு எடுத்தபோது கொடுத்த இடத்துக்கு மட்டுமே பதிவானது. இடம் மாற்ற வேண்டுமானால் விண்ணப்பிக்க வேண்டும், புதிய முகவரிக்கான ஆவணமும் வேண்டும். பாடசாலை வகுப்பறைக்கு எந்த ஆவணத்தைக் காட்டுவது?

“அண்ணே, நாமளே சொந்தமா ஒன்னு வாங்கிரலாமா? இல்ல கம்பனிக்காரங்கிட்டயே திரும்ப எழுதிக் குடுக்கவா?” என்று தங்கை கேட்டாள். சின்னக் கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு மாதம் பிடித்தது. மலையகத்தில் ஒரு ரவுட்டர் வாங்குவதற்கும் காணி உரிமைக்கும் இடையில் இவ்வளவு நெருக்கமான தொடர்பு இருக்கும் என்று நான் அதுவரை யோசித்திருக்கவில்லை.

முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

தோட்டத்தில் வாழும் ஒரு குடும்பம் வீட்டில் இணையம் வைத்திருக்க இன்று நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, போனிலிருந்து பகிர்வது. பெரும்பாலான லயங்களில் இதுதான் நடக்கிறது. தனிச் செலவு இல்லை. ஆனால் போன் அப்பாவுடையதாக இருந்தால், அவர் வேலைக்குப் போகும்போது இணையமும் அவரோடு போய்விடும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தோட்டப் பிள்ளைகள் பட்ட பாடு இதுதான். ஒரு போன், மூன்று பிள்ளைகள், சிக்னல் கிடைக்கும் ஒரு பாறை.

இரண்டாவது, தொலைத்தொடர்பு நிறுவனம் தனது இணைப்போடு சேர்த்துத் தரும் 4ஜி ரவுட்டர். வாங்கும்போது விலை குறைவாக இருக்கும், தவணையிலும் எடுக்கலாம். ஆனால் அதில் இரண்டு பூட்டுகள் இருக்கக்கூடும். ஒன்று, அந்த நிறுவனத்தின் சிம் மட்டுமே வேலை செய்யும். மற்றது, பதிவான இடத்தில் மட்டுமே வேலை செய்யும். என் மருமகள் மாட்டிக்கொண்டது இரண்டாவது பூட்டில்.

மூன்றாவது, எந்த சிம்மும் போடக்கூடிய, பூட்டில்லாத ரவுட்டரைக் கடையில் சொந்தமாக வாங்குவது. நான்காவது, கம்பி வழியாக வரும் ஃபைபர், அல்லது வானத்திலிருந்து வரும் ஸ்டார்லிங்க்.

பட்டியலில் நான்கு இருந்தாலும் லயத்தில் வாழ்பவருக்கு உண்மையில் நான்கும் திறந்திருக்கவில்லை.

ஃபைபர் ஏன் லயத்துக்கு வருவதில்லை

ஃபைபர் இணைப்புக்கு ஒரு கம்பம் வேண்டும். கம்பம் நட நிலம் வேண்டும். நகரத்தில் அது வீதியோரம். தோட்டத்தில் வீதியும் தோட்டத்துக்குள்தான் இருக்கிறது. அரசுக்குச் சொந்தமான அந்த நிலம் 1992 இல் தொடங்கிய தனியார்மயத்தோடு பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குக் குத்தகையாகப் போனது. லயத்தில் நான்கு தலைமுறை வாழ்ந்தவருக்கும் தான் படுத்துறங்கும் காம்பராவில் ஓர் ஆணி அடிப்பதற்கு அப்பால் சட்டரீதியான உரித்து இல்லை. கம்பம் நடுவதா, கம்பி இழுப்பதா என்பதைத் தீர்மானிப்பதில் தோட்ட நிர்வாகத்தின் சம்மதமும் குறுக்கே நிற்கிறது.

அடுத்தது முகவரி. நகரத்தில் வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் இருக்கும். லயக் காம்பராவுக்குப் பெரும்பாலும் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான் முகவரி. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தர வேண்டும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பிறகு கைக்கு வந்த கதை எங்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறது. நீர்க் கட்டணப் பட்டியல், மின் கட்டணப் பட்டியல், உறுதிப்பத்திரம் என்று இணைப்புக்காகக் கேட்கப்படும் ஆவணங்கள் எதிலும் இவர்களின் பெயர் முழுமையாக இருப்பதில்லை.

ஆக, ஃபைபர் வராததற்கு மலையை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. அதே மலையில் இருக்கும் பங்களாவுக்கும் ஹோட்டலுக்கும் இணைப்பு போகிறது.

கிளிநொச்சியிலிருந்து வந்த யோசனை

தங்கையின் கேள்வியை நான் கிளிநொச்சியில் இருக்கும் சித்தப்பாவிடம் சொன்னேன். 1977 வன்செயலின்போது தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்குப் போனவர் அவர். அப்படிப் போன ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்களைப் போலவே அவரும் காடு வெட்டி, கிணறு தோண்டி, வீடு கட்டினார். 2006 ஆகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பின்னர் அவர்களைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த செய்திகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். 2009 இல் அவர் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது கையில் ஒரு பை மட்டும் இருந்தது.

ரவுட்டர் என்றால் என்னவென்று அவருக்குப் பேரப்பிள்ளைகள் மூலம் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “தூக்கிக்கிட்டு ஓட முடிஞ்சத வாங்கச் சொல்லு. செவுத்தோட ஒட்டியிருக்கறதுக்குக் காசு போட வேணாம். செவுரு யாருதுன்னு மொதல்ல கேக்கச் சொல்லு.”

இடம்பெயர்ந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்களுக்கு, எது தன்னுடையது, எது தான் நிற்கும் மண்ணோடு போய்விடும் என்ற கணக்கு தலைகீழ்ப் பாடம். அந்தக் கணக்கை மலையகத்துக்குப் பொருத்திப் பார்த்தபோது எனக்குப் பதில் தெளிவாயிற்று.

ஸ்டார்லிங்க் தீர்வாகுமா?

டித்வாவுக்குப் பிறகு பலரும் கேட்பது ஸ்டார்லிங்க் பற்றித்தான். 2025 நவம்பர் 28 அன்று புயல் கரை கடந்த நாட்களில் கோபுரங்கள் மின்சாரமின்றிச் செயலிழந்தன, ஃபைபர் வடங்கள் மண்சரிவில் அறுந்தன. 600 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த அனர்த்தத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை ஆகியவை அடங்கும். உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று அறியவே நாட்கணக்கில் காத்திருந்தோம். கம்பமும் கோபுரமும் தேவையில்லாத இணையம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு இலங்கையில் உரிமம் கிடைத்தது 2024 ஆகஸ்ட்டில். சேவை தொடங்கியது 2025 ஜூலையில். அறிமுகத்தின்போது வெளியான விலைப்படி கருவிக்கு ஏறத்தாழ 118,000 ரூபா. வீட்டுப் பாவனைக்கான மாதக் கட்டணம் 12,000 ரூபாவும் 15,000 ரூபாவும்.

இதைத் தோட்டத்தின் கணக்கில் போட்டுப் பார்ப்போம். 2026 ஜனவரி முதல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்ந்தது. வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் கொடுக்கும் 200 ரூபா வருகை ஊக்குவிப்பையும் சேர்த்தால் 1,750. அந்தக் கணக்கில் ஸ்டார்லிங்க் கருவியின் விலை 67 நாள் சம்பளம். மாதக் கட்டணம் ஏழு முதல் ஒன்பது நாள் சம்பளம். அதுவும் முழுப்பேர் விழுந்த நாட்களுக்கான கணக்கு. மழையிலும் கொழுந்து இல்லாத காலத்திலும் மாதத்தில் எத்தனை நாள் பேர் விழும் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

பணத்தைத் தவிர வேறு சிக்கல்களும் உண்டு. அந்தத் தட்டுக்கு மறைப்பில்லாத வானம் வேண்டும். பள்ளத்தாக்கில், மரங்களுக்கு நடுவே இருக்கும் லயத்தில் அது எல்லா இடத்திலும் கிடைக்காது. சாதாரண ரவுட்டர் 10 வாட் அளவில் ஓடும்போது, ஸ்டார்லிங்கின் வழமையான கருவிக்கு 75 முதல் 100 வாட் வரை வேண்டும். மின்சாரம் போனால் சிறிய மின்கலத்தில் அது நீண்ட நேரம் நிற்காது.

அதற்காக ஸ்டார்லிங்க் மலையகத்துக்கு உதவாது என்று நான் சொல்லவில்லை. ஒரு குடும்பத்துக்கு அது பொருந்தாது. ஒரு தோட்டப் பாடசாலைக்கோ, வைத்திய நிலையத்துக்கோ, அனர்த்த காலத்தில் நூறு குடும்பங்கள் கூடும் சமூக மண்டபத்துக்கோ ஒன்று இருந்தால் அதன் பெறுமதி வேறு. அதை வாங்க வேண்டியவர் கொழுந்து பறிக்கும் தாய் அல்ல.

சொந்தமாக வாங்குவதென்றால்

மிஞ்சுவது மூன்றாவது வழி. பூட்டில்லாத 4ஜி ரவுட்டர். ஹட்டன் நகரில் இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கியதில் நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே சொல்வது பயன்படும்.

வாங்குவதற்கு முன் சிக்னலைப் பார்க்க வேண்டும். தெரிந்தவர்களிடமிருந்து வெவ்வேறு நிறுவனங்களின் சிம்களை இரவல் வாங்கி, ரவுட்டர் வைக்கப்போகும் இடத்திலேயே போனில் போட்டுப் பாருங்கள். காலையிலும் பாருங்கள், எல்லோரும் வீடு திரும்பிய இரவு எட்டு மணிக்கும் பாருங்கள். இஸ்தோப்பில் வரும் சிக்னல் உள் காம்பராவில் வராது. பத்தடி தள்ளி வைத்தால் வேகம் இரட்டிப்பாகும் இடங்களும் மலையில் உண்டு. பூட்டில்லாத ரவுட்டரின் பெரிய நன்மை இதுதான். ஒரு நிறுவனத்தின் கோபுரம் விழுந்தால் மற்ற நிறுவனத்தின் சிம்மைப் போட்டுக்கொள்ளலாம்.

வெளியில் பூட்டும் அன்டெனாவுக்கு இடமுள்ள ரவுட்டராகப் பார்த்து எடுங்கள். தகரக் கூரையும் தடித்த கற்சுவரும் உள்ள லயத்தில் இது ஆடம்பரமில்லை. அன்டெனாவைக் கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அனுப்புவதாகச் சொன்னால் இரண்டு விடயங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். இங்கே வீட்டு 4ஜி சேவைக்குப் பயன்படும் 2300 மெகாஹேர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளை அங்கே விற்கும் எல்லாக் கருவிகளும் ஏற்பதில்லை. மேலும், சிம் போடும் கருவிகளின் ஐஎம்இஐ இலக்கம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கடையில் வாங்கும்போது ஐஎம்இஐ என்று எழுதி, இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதில் வரும். இதைப் பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டும்.

கடைசியாக, ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய மின்கலப் பெட்டி ஒன்று. 2022 மார்ச்சில் 13 மணிநேர மின்வெட்டு வந்த காலத்தில் நகரங்களில் பரவலானது இது. சில மணிநேரம் தாக்குப்பிடிக்கும். மின்னல் அடிக்கும் நாளில் ரவுட்டரின் இணைப்பைக் கழற்றி வைப்பதும் மலையகத்தில் செலவில்லாத காப்புறுதி.

இத்தனைக்கும் ஒரு குடும்பம் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை. தங்கையின் லயத்தில் பக்கத்துப் பக்கமாக இருக்கும் நான்கு காம்பராக்களில் படிக்கும் பிள்ளைகள் ஏழு பேர். சுவர்தான் பொது, ரவுட்டரும் பொதுவாக இருக்கலாம். மாதக் கட்டணத்தைப் பங்கு போடலாம். சண்டை வரும் இடம் டேட்டா முடியும் இடம்தான். ஆகவே வகுப்பு நேரத்தில் படம் பார்ப்பதில்லை என்ற கட்டுப்பாட்டைத் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். சீட்டுப் பிடித்துப் பழகிய பெண்களுக்கு இதை நடத்தத் தெரியும்.

கருவி நம்முடையது, இணைப்பு யாருடையது?

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் அது ஒரு கொள்வனவு வழிகாட்டியாக நின்றுவிடும். ஆனால் சித்தப்பாவின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சுவர் யாருடையது?

ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், எந்த ரவுட்டரைப் பயன்படுத்துவது என்பது வாடிக்கையாளரின் சட்டபூர்வ உரிமை. நிறுவனம் தன் கருவியைத் திணிக்க முடியாது. அங்கே வாழும் நம் உறவினர்களுக்கு ரவுட்டரை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்பது மாதாந்தச் செலவு பற்றிய கேள்வி மட்டுமே. வீடு வரை கம்பி வருமா என்று அவர்கள் கேட்பதில்லை. இந்தியாவில் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அனுமதித்த பிஎம்-வானி திட்டம், ஒரு பெட்டிக்கடைக்காரரும் தனி உரிமம் இல்லாமல் வைஃபை சேவை வழங்க வழி செய்தது. கருவியை மக்கள் சொந்தமாக வைத்திருப்பதும், பகிர்ந்துகொள்வதும் சட்டத்தால் ஊக்குவிக்கப்படக்கூடியவை என்பதற்கு இவை உதாரணங்கள்.

இலங்கையிலும் கேட்கக்கூடியவை இருக்கின்றன. தவணைப் பணத்தைக் கட்டி முடித்த ரவுட்டரின் பூட்டை நிறுவனம் திறந்து கொடுக்க வேண்டும். அனர்த்தத்தால் இடம்பெயர்ந்தவர்களின் இணைப்புக்கு இடக் கட்டுப்பாட்டை உடனடியாகத் தளர்த்த வேண்டும். இதற்குப் புதிய கோபுரம் தேவையில்லை, ஆணைக்குழுவின் ஒரு பணிப்புரை போதும். நிவாரண முகாமிலிருந்து பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடம் முகவரிச் சான்று கேட்கும் நிலை இனியும் வரக்கூடாது.

இரண்டாவது கோரிக்கை உள்ளூராட்சியிடம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2018 இல் அது திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகளின் இடத்தில் ஆறு சபைகள் வந்தன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று நம் ஊர்ப் பெயர்களிலேயே சபைகள் இருக்கின்றன. தோட்டத்துக்குள் ஒரு வாசிகசாலையில் இணைய இணைப்பு வைக்கச் சட்டம் தடை என்று இனி யாரும் சொல்ல முடியாது. வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று நம் உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும்.

மூன்றாவதும் முதன்மையானதும் காணியும் முகவரியும். 2025 ஒக்டோபர் 12 அன்று பண்டாரவளையில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் 2,000 பேருக்கு வீட்டு உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. ஏழு மாதமோ ஏழு வருடமோ கழித்து அந்த வீடுகள் எழும்போது வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் கம்பமும் சேர்ந்தே வர வேண்டும். நிலத்தையும் கூரையையும் கொடுத்துவிட்டு, ‘மற்றதைப் பிறகு பார்ப்போம்’ என்று விட்டால், புதிய வீட்டிலும் பழைய லயத்தின் தனிமைதான் தொடரும்.

டித்வாவுக்குப் பிறகு, மலையகத்தில் பாதுகாப்பான காணி இல்லையென்றால் மக்கள் வடக்கு கிழக்குக்கு வரட்டும் என்ற பேச்சும் எழுந்தது. அன்போடு சொல்லப்பட்ட வார்த்தை அது. ஆனால் 1977 இல் அப்படிப் போனவர்களின் அனுபவமும் நம் முன்னால் இருக்கிறது. போன இடத்திலும் காணிப் பத்திரத்துக்காகப் பல வருடங்கள் அலைந்தவர்கள் அவர்கள். இடத்தை மாற்றுவது உரித்தைத் தானாகக் கொண்டுவருவதில்லை. எங்கே இருந்தாலும் அதைக் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது.

தங்கைக்கு நான் சொன்னது

ஜனவரியில் தங்கையிடம் என் பதிலைச் சொன்னேன். பழைய ரவுட்டரைத் திரும்ப எழுதிக் கொடுக்க வேண்டாம், தவணை முடியும் வரை வைத்திரு. பக்கத்துக் காம்பராக்களோடு சேர்ந்து பூட்டில்லாத ஒன்றை வாங்கு. அன்டெனாவைக் கழற்றக்கூடியதாகப் பூட்டு. சுவரில் ஒயர் பதிக்கவோ, கூரையில் நிரந்தரமாக எதையும் கட்டவோ ஒரு சதமும் செலவழிக்காதே. அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

நான்கு குடும்பமும் சேர்ந்து வாங்கினார்கள். ஒரு குடும்பத்துக்கு மூன்று நாள் சம்பளத்துக்கும் குறைவாகவே வந்தது. மருமகள் வகுப்புக்குத் திரும்பிவிட்டாள். மழை இருட்டினால் முதலில் ரவுட்டரைக் கழற்றி அடையாள அட்டைகள் இருக்கும் பொலித்தீன் பையில் போடுகிறாளாம். அதைத் தங்கை சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடுவதற்குத் தயாராக இருக்கப் பழகிய பிள்ளை அவள். அவளுக்கு ஒரு ரவுட்டரை நாங்கள் வாங்கிக் கொடுத்துவிட்டோம். ஓட வேண்டாத ஒரு வீட்டை யாரும் கடையில் வாங்க முடியாது. அதற்காகப் பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் அந்த நான்கு குடும்பங்களும் கையெழுத்திட்ட மனுவை இந்த வாரம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அனுப்புநர் முகவரி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும்தான் எழுதியிருக்கிறோம். அதற்குக் கீழே எழுத எங்களுக்கு இன்னும் இலக்கம் இல்லை.